அழுதால் இன்னொன்று விழும்

செந்தில்குமாருக்கு அப்போது பதினோரு வயது. சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனை வரப்பில் உட்கார வைத்துவிட்டு, அப்பா துரைராசு உரம் வாங்கக் குடவாசலுக்குப் போயிருந்தார். புரட்டாசி வெயில். பூவரச மரத்தடியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். கண் விழித்தபோது நாற்றங்கால் குளமாகக் கிடந்தது. முந்தின நாள் தெளித்த முளைவிதை முழுவதும் மிதந்துபோய் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது.

துரைராசு வந்தார். சைக்கிளை நிறுத்தினார். நாற்றங்காலைப் பார்த்தார். மண்வெட்டியிலிருந்து கழன்று கிடந்த காம்பை எடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் முதுகிலும் தொடையிலும் ஆறேழு அடி. பையன் அலறியதும் நிறுத்தினார். சத்தம் போடாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"அழுத, இன்னொன்னு விழும்."

பையன் அழுகையை விழுங்கினான். விக்கல் வந்தது. விக்கலுக்கும் ஒன்று விழுந்தது.

பிறகு அவர் வந்து முதுகில் எண்ணெய் தடவிவிட்டார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா நாகம்மாள் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு இறக்கிவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பெஞ்சில் சாயாமல் அன்று முழுக்க நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கேட்டதற்குப் பெருமையாகச் சொன்னான்: "எங்கப்பா அடிச்சாரு. நான் அழுவல."

எங்கள் ஊரில் துரைராசுவைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. குடி கிடையாது. பன்னிரண்டு மா, நாலு ஏக்கர் நிலத்தில் ஒரு புல் விடமாட்டார். பிள்ளைகளை அடித்து வளர்க்கிறார் என்பதை ஊர் ஒரு நற்சான்றிதழாகத்தான் சொல்லும். செந்தில்குமாருக்கு ஐந்து வயது இளையவன் ராமகிருஷ்ணன், வீட்டில் ராம்கி. அவனுக்கும் அதே காம்புதான்.

செந்தில்குமாருக்கு இருபத்து நாலு வயதில் கல்யாணம் ஆனது. மனைவி பிரகதீஸ்வரி வலங்கைமான் பக்கத்துப் பெண். அடுத்த வருடம் அவர் குவைத்துக்குப் போனார். பதினேழு வருடம் அங்கே இருந்தார். மகன் பிறந்த செய்தி போனில்தான் போனது. திருவாரூர்ச் சாமியின் பெயரை, தியாகேசன் என்று வைக்கச் சொன்னதும் போனில்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். பையன் அவர் மடியில் வந்து உட்கார ஒரு மாதம் ஆகும். அடுத்த பத்தாவது நாள் அவர் விமானம் ஏறிவிடுவார்.

குவைத்தில் கிரேன் ஓட்டும் வேலை, எட்டுப் பேர் தங்கும் அறை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று மதியம் எல்லோரும் ஊருக்குப் பேசுவார்கள். செந்தில்குமார் மனைவியிடம் மழை, நெல், அப்பா அம்மா உடம்பு பற்றிக் கேட்பார். பிறகு பையனைக் கூப்பிடச் சொல்வார்.

"ரேங்க் எத்தன?"

"அஞ்சுப்பா."

"முன்னாடி இருக்குற நாலு பேரும் என்ன, வானத்துலேருந்து குதிச்சவனுங்களா?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"சரி, அம்மாகிட்ட குடு."

அதே அறையில் கூத்தாநல்லூர் ஜெகபர் அலி இருந்தார். அவருடைய மகள் ஷம்சாத் அப்போது இரண்டாம் வகுப்பு. ஜெகபர் அலி போனை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்வார். தப்பாகச் சொல்லிவிட்டு அவளைத் திருத்தச் சொல்வார். அவள் சிரிப்பது அறை முழுவதும் கேட்கும். மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஒருநாள் அவர் செந்தில்குமாரிடம் கேட்டார்.

"ஏன் செந்திலு, புள்ளகிட்ட மார்க்க விட்டா வேற ஒண்ணுமே கேக்க மாட்டியா?"

"வேற என்னத்தக் கேக்குறது பாய்?"

"இன்னைக்கு என்ன வெளாண்டேன்னு கேளேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அப்படியே கேட்டார். போனில் பையன் பதறிப்போனான். "வெளாடவே இல்லப்பா. சத்தியமா படிச்சுக்கிட்டுதான் இருந்தேன்." செந்தில்குமார் போனை வைத்துவிட்டு ஜெகபர் அலியைப் பார்த்துச் சிரித்தார். "பய பயந்துக்கிட்டுதான் இருக்கான் பாய். அது போதும்." இதைப் பின்னால் என்னிடம் சொன்னவர் செந்தில்குமாரேதான். சொல்லும்போது சிரிக்கவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மாமனார் மாமியாரையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்திய பிரகதீஸ்வரிக்கு, பையன் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் கைக்குக் கிடைத்தது ஒன்றுதான். "அப்பாவுக்குப் போன் போடட்டுமா?" பையன் அடங்கிவிடுவான். அப்பா என்றால் தூரத்தில் இருக்கும் ஒரு அடி என்றுதான் அவன் புரிந்துகொண்டிருப்பான்.

பக்கத்தில் இருந்தது சித்தப்பாதான். ராம்கி பத்தாவதோடு நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டான். அவன் வீடும் அண்ணன் வீடும் ஒரே வாசல். மனைவி எழில்மொழி, ஒரே மகள் கவிப்ரியா, தியாகேசனைவிட மூன்று வயது சின்னவள். காலையில் மகளுக்கு ராம்கி சடை பின்னிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். தியாகேசனுக்குச் சோழசூடாமணி ஆற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது எல்லாம் அவன்தான். பையன் அப்பாவை 'நீங்க' என்பான். சித்தப்பாவை 'நீ' என்பான்.

நாகம்மாள் போய்ச் சேர்ந்த நாலாவது வருடம் துரைராசுவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு குழறியது. அடுத்த விடுமுறையில் செந்தில்குமார் வந்தபோது அவர் கட்டிலில் கிடந்தார். இவரைப் பார்த்ததும் இடது கையால் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். எச்சில் வழிந்தது. செந்தில்குமார் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த நாற்பது நாளும் அந்த அறைக்குள் அதிகம் போகவில்லை. போனிலும் தம்பியிடம் சொல்லிவிட்டார்: "அவர்கிட்டப் போனக் குடுக்காதடா. என்ன சொல்றாருன்னே புரியல. எனக்கு மனசு கேக்கல."

துரைராசு இறந்தபோது உடனே லீவு கிடைக்கவில்லை. கருமாதிக்கு முதல் நாள்தான் வந்து சேர்ந்தார். கொள்ளி வைத்தது ராம்கி.

அதற்கு அடுத்த வருடம் கம்பெனி எடுத்த கண் பரிசோதனையில் செந்தில்குமார் தேறவில்லை. சர்க்கரை கண்ணைப் பாதித்திருந்தது. கிரேன் ஓட்ட முடியாது என்றார்கள். நாற்பத்திரண்டு வயதில் இரண்டு பெட்டியோடு நிரந்தரமாக ஊர் வந்தார். தியாகேசனுக்கு அப்போது பதினாறு.

வந்த இரண்டாவது வாரம், வீட்டில் வளர்த்த கன்றுக்குட்டி ஒன்று செத்துப்போனது. தியாகேசன் பால்புட்டியில் பால் கொடுத்து வளர்த்த குட்டி. அவன் கொட்டகையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். ராம்கி பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டிருந்தான். வெளியிலிருந்து வந்த செந்தில்குமார் இருவரையும் பார்த்தார்.

"என்னடா இது, பொட்டப்புள்ள மாதிரி? மீசை மொளைக்கப் போவுது, கன்னுக்குட்டிக்கு ஒக்காந்து அழுவுற?"

பிறகு தம்பியிடம் சொன்னார்: "நீ பண்ணுன வேலைதானேடா இது. கொஞ்சிக் கொஞ்சி இப்படி ஆக்கி வச்சிருக்க."

ராம்கி அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அதை இன்னும் நினைத்து வருந்துகிறான். "கைய எடுத்திருக்கக் கூடாது" என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறான்.

மறுநாளிலிருந்து செந்தில்குமார் மகனை ஆளாக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு வயல். முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். சித்தப்பா வீட்டில் சாப்பிடுவது நின்றது. கவிப்ரியாவோடு கேரம் ஆடுவது நின்றது. தனக்குத் தெரிந்த அப்பா ஒருவர்தான் என்பதால் அந்த அப்பாவாக அவர் ஆனார். அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. பதினேழு வருடம் இல்லாமல் போனதற்கு ஈடு கட்டுவதாகத்தான் நினைத்தார்.

கார்த்திகையில் விடாமல் மழை. நட்டு முப்பது நாள் ஆன சம்பா. வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொள்ளாமல் மதியம்வரை பார்த்துக்கொள்ளும்படி தியாகேசனிடம் சொல்லியிருந்தார். பையன் பதினோரு மணிக்கு மழை விட்டதும் வாலிபால் ஆடப் போய்விட்டான். பிற்பகலில் மறுபடி பிடித்த மழையில் தண்ணீர் வடியாமல் பயிர் முங்கிக் கிடந்தது.

அவன் வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தியபோது செந்தில்குமார் மண்வெட்டிக் காம்போடு நின்றிருந்தார். எனக்கு எதிர்வீடு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அடியிலேயே பையன் கீழே விழுந்தான். பிரகதீஸ்வரி குறுக்கே ஓடி வந்தாள். மூன்றாவது அடி அவள் முழங்கையில் விழுந்தது.

"அழுவாத. அழுத, இன்னொன்னு விழும்."

ராம்கி ஓடிவந்து காம்பைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, விடு. அவன விட்டுடு."

"எம்புள்ளடா."

"உம்புள்ளதான். யாரு இல்லங்குறா?"

"அப்ப நீ குறுக்க வராத. அப்பா என்னைய இப்படி அடிச்சதாலதான் நான் அந்த வெயில்ல பதினேழு வருஷம் நின்னேன்."

தெருவில் நாங்கள் பத்துப் பேர் நின்றோம். ராம்கியைத் தவிர ஒருவரும் வாசல் தாண்டி உள்ளே வரவில்லை, நான் உட்பட. அடுத்தவர் வீட்டு விஷயம், அப்பன் மகன் விவகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பள்ளிக்கூட வாத்தியார்.

பையன் அழவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். அன்று செந்தில்குமாருக்கு ஒரு நிறைவு இருந்ததாம். 'அழுவல பாத்தியா' என்று பிரகதீஸ்வரியிடம் சொல்லியிருக்கிறார். வீங்கிய முழங்கைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு தியாகேசன் மாறினான். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்தான். பேச்சு குறைந்தது. அப்பாவைப் போலவே இடுப்பில் கை வைத்து வரப்பில் நின்றான். நாற்று முடியைத் தப்பாகக் கட்டிய ஆட்களை அப்பாவின் குரலிலேயே அதட்டினான். டீக்கடையில் ஊர் சொன்னது: "அப்பன் வந்ததும் புள்ள ஆளாயிட்டான்." நானும் சொன்னேன். செந்தில்குமாரின் முகத்துக்கு நேராக, "பையன நல்லா கொண்டாந்துட்ட" என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அவர் ஊர் திரும்பிய இரண்டாவது வருடம் மாசி மாதம். தியாகேசன் டிப்ளமோ முதல் வருடம், கவிப்ரியா பத்தாவது. அன்று அவள் பள்ளி விட்டுக் குடவாசல் பேருந்து நிலையத்தில் வகுப்புப் பையன் ஒருவனோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். செய்முறைத் தேர்வு எந்தத் தேதி என்று கேட்டிருக்கிறாள். அவன் ஏதோ சொல்ல, சிரித்திருக்கிறாள். பைக்கில் வந்த தியாகேசன் அதைப் பார்த்தான். "ஏறு" என்றான். அண்ணன்தானே என்று ஏறினாள்.

வாசலில் இறங்கியதும் அறைந்தான். அவள் நிலைகுலைந்து துவைக்கிற கல்லில் முகம் மோத விழுந்தாள். முன்பல் ஒன்று உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். அவள் வீறிட்டபோது அவன் குனிந்து சொன்னான்.

"அழுத, இன்னொன்னு விழும்."

செந்தில்குமார் பத்தடி தள்ளி மோட்டாரின் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்தார், கேட்டார். எழில்மொழி உள்ளேயிருந்து ஓடிவந்து மகளை அள்ளிக்கொண்டு, "மாமா, பாத்துக்கிட்டா நிக்கிறீங்க?" என்று கத்தினாள். அதற்கு அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இது:

"அண்ணங்காரன்தானே. கண்டிச்சிருக்கான்."

வாழ்க்கையில் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பாய் என்று நான் அவரைக் கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை.

ராம்கி வயலிலிருந்து வந்தான். யாரிடமும் சத்தம் போடவில்லை. மகளைக் கும்பகோணத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான். மறுநாள் காலை, அண்ணன் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். தியாகேசன் கல்லூரிக்குப் போயிருந்தான். பிரகதீஸ்வரி அடுப்படி வாசலில் நின்றாள்.

"அண்ணே, நான் அவன அடிக்கப் போறதில்ல. அடிக்கணும்னுதான் எழில் சொல்லுது. அடிச்சா, அதோட சரியாப் போச்சுன்னு ஆயிடும். சரியாப் போவல."

"சின்னப் பய, கோவத்துல ஏதோ..."

"கோவத்துல இல்ல. நீ சொல்லிக் குடுத்த மாதிரி, அப்பா ஒனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி. அந்த வார்த்தை ஒண்ணு வச்சிருக்கீங்கள்ல, அதச் சொல்லித்தான் எம்மவள அழுவாதன்னான்."

செந்தில்குமார் தரையைப் பார்த்தார்.

"ஒனக்கு ஒண்ணு தெரியாது. ரெண்டு வருஷம் அப்பாவுக்குக் கால் கழுவி விட்டது நான். மொத நாளு கூச்சப்பட்டு எங்கையத் தட்டிவிட்டாரு. அப்பறம் அழ ஆரம்பிச்சாரு. தெனம் குளிப்பாட்டுறப்ப அழுவாரு. எம்முதுகுல அவரு போட்ட தழும்பு ஒண்ணு இருக்கு. நான் குனிஞ்சு தண்ணி மொள்ளுறப்ப, நல்லாருக்குற கையால அதத் தடவிக்கிட்டே 'தப்பு, தப்பு'ன்னுவாரு. வேற யாருக்கும் அது புரியாது. எனக்குப் புரியும்."

"எங்கப்பாவா?"

"நம்ம அப்பாதான். வெள்ளிக்கெழம ஆனா போனக் காட்டிக் காட்டிச் சத்தம் போடுவாரு. உங்கிட்டயும் அதச் சொல்லத்தான். நீ குடுக்காதன்னுட்ட."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல? கருமாதிக்கு வந்தப்பகூடச் சொல்லலியேடா."

"சொன்னா நம்பியிருப்பியா?"

செந்தில்குமார் மணிக்கட்டை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். ராம்கி கடைசியாகச் சொன்னான்: "ஒம்புள்ள இனிமே எங்க வாசல்ல கால் வைக்க வேணாம். அவன நாந்தான் தோள்ல போட்டு வளத்தேன். எனக்கும் வலிக்குது. ஆனா எம்மவ அந்த வாசல்லதான் பல்லு தேய்க்கணும், துணி தொவைக்கணும். அவ பயப்படாம இருக்கணும்."

அந்த மாதமே வாசலுக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் சுவர் எழுந்தது.

செந்தில்குமார் அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வயலில் மகனோடு மருந்து தெளித்துவிட்டுக் கை கழுவும்போது ஆரம்பித்தார்.

"நீ போயி அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேளு."

"எதுக்கு?"

"அடிச்சது தப்புடா."

தியாகேசன் அவரை நேராகப் பார்த்தான். "நீங்க எங்கிட்டக் கேட்டீங்களா?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது தனக்கே தெரிந்தது என்று அவர் என்னிடம் சொன்னார். தொண்டைவரை வந்ததாம். ஆனால் வாயிலிருந்து வந்தது, "எதுத்தா பேசுற?" என்பது. கையும் தானாக ஓங்கியது. மகன் அந்தக் கையைப் பிடித்தான். முறுக்கவில்லை, தள்ளவில்லை. பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, மருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பதினெட்டு வயது. அவரைவிட அரை அடி உயரம்.

அன்று மாலை செந்தில்குமார் தனியாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். கவிப்ரியா கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் கையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் நின்றபடியே கும்பிட்டார்.

"பெரியப்பாவ மன்னிச்சிடும்மா."

அவள் கையை எடுக்காமலேயே கேட்டாள்: "அடிச்சது அவன். நீங்க ஏன் பெரியப்பா கேக்குறீங்க? அவனுக்கு வாயில்லையா?"

"அவன்... கேக்க மாட்டேங்கிறான்மா."

"அப்ப நீங்க சொன்னதுக்கு மட்டும் கேளுங்க. 'கண்டிச்சிருக்கான்'னு சொன்னீங்கள்ல, அதுக்கு."

அவர் அதற்குக் கேட்டார். அவள் தலையை அசைத்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். மன்னித்தாளா என்று தெரியாது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவரவர் பாட்டுக்கு நடந்தவைதான். தியாகேசன் டிப்ளமோ முடித்தான். கொரோனா அடங்கியதும் ஷார்ஜாவுக்குப் போனான். போகும்போது அம்மாவின் காலில் விழுந்தான். அப்பாவிடம் "வர்றேன்" என்றான். கவிப்ரியா தஞ்சாவூரில் படித்துவிட்டு அங்கேயே ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். உடைந்த பல்லுக்கு உறை போட்டிருக்கிறாள். சிரிக்கும்போது கை இன்னும் வாய்க்குப் போகிறது.

போன வருடம் தியாகேசனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு இடம் பொருந்தி வந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, மாமா மூவரும் தரகரோடு வீடு பார்க்க வந்தார்கள். ஆண்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா அடுப்படிக்கு வந்து, பிரகதீஸ்வரியின் பக்கத்தில் நின்று, எல்லா அம்மாக்களும் கேட்பதைக் கேட்டாள்.

"பையன் கொணம் எப்படிங்க? கோவக்காரரா?"

'தங்கமான பிள்ளை' என்று சொல்லித்தான் பழக்கம். பிரகதீஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடி கெடையாதுங்க. வேலையில சுத்தம். ஆனா ஒரு பொண்ண அடிச்சிருக்கான். தங்கச்சி மொறை. பல்லு ஒடஞ்சு போச்சு. இன்னைய தேதி வரைக்கும் அவன் அதத் தப்புன்னு சொல்லல. நான் பெத்த புள்ளதான். ஆனா நல்லவன்னு இன்னொரு பொண்ணப் பெத்தவகிட்ட என்னால சொல்ல முடியல."

கூடத்தில் பேச்சு நின்றுபோனது. சுவர் மெல்லியது, எல்லோருக்கும் கேட்டிருந்தது. பெண்ணின் அப்பா செந்தில்குமாரைப் பார்த்தார். அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்திருக்கலாம். தரகர்கூட, "அம்மா ஏதோ வருத்தத்துல..." என்று ஆரம்பித்தார். செந்தில்குமார் தலை குனிந்தபடி சொன்னார்: "அவ சொல்றது நெசங்க."

அவர்கள் காபியை முடிக்காமலே எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பெண்ணின் அம்மா மட்டும் திரும்பி உள்ளே வந்து பிரகதீஸ்வரியின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனாள்.

செய்தி தரகர் மூலம் ஷார்ஜா போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. போனில் தியாகேசன் அம்மாவிடம் கத்தியது தெருவுக்கே கேட்டது. "பெத்த புள்ளைய இப்படியா நாசம் பண்ணுவ?" செந்தில்குமார் போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, அம்மாவ ஒண்ணும் சொல்லாத. நீ அந்தப் புள்ளைய அடிச்ச. அத நாந்தான் ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன். அன்னைக்கு மழையில உன்ன அடிச்சது தப்புடா. நான் அப்பவே கேட்டிருக்கணும். மன்னிச்சிடு."

எட்டு வருடம் தொண்டையில் நின்றது அன்றைக்கு வந்தது. பிறகு மகனின் குரல், நிதானமாக வந்தது:

"இப்ப எதுக்குப்பா அழுவுறீங்க? ஆம்பளதானே நீங்க?"

இணைப்பு துண்டானது. அதிலிருந்து அவன் பேசுவது அம்மாவோடு மட்டும்தான், அதுவும் மாதத்துக்கு ஒருமுறை. அங்கேயே கூட வேலை செய்பவரின் உறவில் ஒரு பெண்ணைப் பார்த்திருப்பதாகச் சொல்கிறான். ஊர், பெயர் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா போய்ப் பேசிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

செந்தில்குமார் இப்போது கண்ணாடி இல்லாமல் வரப்பில் நடக்க முடியாது. நிலத்தைப் பெரும்பாலும் ராம்கிதான் பார்த்துக்கொள்கிறான். சுவர் அப்படியேதான் இருக்கிறது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் மகன் எண்ணுக்குப் போட்டுப் பார்க்கிறார். மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. நேற்று நான் அவர் வீட்டில் இருந்தபோதும் போட்டார்.

பிரகதீஸ்வரி கேட்டாள்: "எடுத்தான்னா என்னங்க சொல்லுவீங்க?"

"அந்தப் பொண்ணு யாருன்னு கேப்பேன்."

"சொல்ல மாட்டான்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் எண்ணை அழுத்தினார்.